போப்பையரும் அவர்தம் இளமைத் துணிபும்

பள்ளியிறுதித் தேர்வை முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், ஆண்டுதோறும் வேனிற் காலத்தே ஒரு பேச்சு எழுவது வழக்கம். இனி இவன் என் செய்வான், இவளை எங்கே அனுப்புவது என்பதே அப்பேச்சு. கடத்தூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. தந்தையார் ஒன்று நினைப்பர். தாயார் மற்றொன்று விழைவர். மாமன்மார் வந்து மூன்றாவதாக ஒன்று கூறுவர். பிள்ளையின் உள்ளக்கிடை யாதென வினவுவார் மிகச் சிலரே. அங்ஙனம் வினவியவிடத்து, அவன் ஒருவரும் எதிர்பாராத தொன்றைச் சொல்லிவிடின் வீடே கலங்கிவிடுகின்றது. எவரும் எதிர்பாராத தொன்றைத் தம் 14-ஆம் வயதிலேயே நெஞ்சில் நாட்டிக்கொண்டு, அதனையே வாழ்நாள் முழுதும் பற்றிநின்ற ஒருவர் வரலாற்றை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைந்தோம். அவர்தாம் தமிழுலகம் போப்பையர் என வழங்கும் ஜார்ஜ் உக்ளோ போப் என்பார்.

ஐயர் என்னும் சொல்லைக் கண்டு அவரை வேறு குலத்தவரெனச் சிறுவர் மயங்கற்க. கிறித்தவக் குருமாரை ஐயர் என மரியாதையுடன் அழைத்தல் தென்னாட்டில் நெடுநாள் நிலவிய வழக்கு. கால்டுவெல் ஐயர் என்பதும் அவ்வாறே வந்தது.

போப்பையர் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24-ஆம் நாள் வட அமெரிக்காவில் பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். அத்தீவு இன்று கனடா நாட்டின் ஒரு மாகாணமாக உள்ளது. தந்தையார் ஜான் போப் என்பவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் நாட்டினர். பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர். தாயார் கேதரின் உக்ளோ. அன்னையின் குடிப்பெயரே மைந்தர் பெயரின் நடுவில் நின்றது. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது, 1826-இல், குடும்பம் இங்கிலாந்துக்கு மீண்டு பிளிமத் என்னும் துறைமுக நகரிற் குடியேறிற்று. ஆங்குத் தந்தையார் வணிகராகவும் கப்பலுடையவராகவும் செழித்தார். ஆதலின், வீட்டு வாயிலைக் கடந்தால் பாய்மரக் கப்பல்களும், அவற்றின் வழியே வரும் தூரநாட்டுச் செய்திகளும் நிறைந்த சூழலில் அச்சிறுவர் வளர்ந்தார். தந்தையின் தொழிலைக் கையேற்றிருப்பாராயின், வளமாக வாழ்ந்து, இன்று எவராலும் அறியப்படாமல் மறைந்திருப்பார்.

அவர் பயின்றவை வெசுலியன் சபையாரின் பள்ளிகள். முதலில் பரி என்னும் ஊரிலும், பின்னர் இலண்டனைச் சார்ந்த ஆக்சுடனிலும். அச்சபையில் அப்போது அயல்நாட்டு ஊழியத்தைப் பற்றிய ஆர்வம் பெரிதும் கனன்றுகொண்டிருந்தது. 1793-இல் வில்லியம் கேரி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளர் வங்கம் போந்து அச்சுக்கூடமும் பள்ளிகளும் கண்டதும், 1814-இல் வெசுலியன் குருமார் இலங்கையை அடைந்து யாழ்ப்பாணத்தில் தொண்டு தொடங்கியதும் அந்நாளைய பள்ளிச் சிறுவர் செவிகளிற் பழகிய கதைகள். அவற்றிற்கும் முன்னதாக, செருமானிய நாட்டு ஆலே நகரிற் கற்று, ஆங்கேயே தமிழும் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சுவார்ட்சு ஐயரின் வாழ்க்கை ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை, தானும் அவ்வழியே செல்லக் கடமைப்பட்டவன் எனத் தன் 14-ஆம் வயதிலே உறுதி கொண்டான்.

இதனைக் கிறித்தவ அன்பர்கள் அழைப்பு என்பர். இறைவன் ஒருவனை ஒரு பணிக்கெனப் பெயர் சொல்லி அழைக்கின்றான், அக்குரல் செவியிற் படாது நெஞ்சிற் படும் என்பது அவர்தம் கொள்கை. நம்மவர்க்கும் இது முழுதும் புதியதன்று. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னொடு சென்ற வாதவூரர் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியிற் குருவைக் கண்டவுடன், போன காரியத்தை மறந்து ஆட்பட்டார் என்று நம் பெரியோர் கூறும் வரலாற்றை எண்ணுக. இரண்டும் ஒன்றென்று யாம் வாதிக்க வரவில்லை. ஆயினும் இவ்விளைஞர் பிற்காலத்து அவ்வாதவூரர் நூலிலேயே தம் முதுமையைச் செலவிட்டார் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மிகுகின்றது.

இளமையிற் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் பலர். நம் தருமபுரிக்கே அத்தகைய ஒருவர் தொடர்புண்டு. தாமஸ் மன்றோ என்பார் 1780-இல், தம் 18-ஆம் வயதில், கும்பினிப் படையில் இளநிலை வீரராகச் சென்னையில் இறங்கினார்; 1792 முதல் 1799 வரை கர்னல் ரீடு துரையின் கீழ் பாராமகாலில் நிலவரி வகுத்துத் தருமபுரியில் தங்கினார். பின்னர்ச் சென்னை மாகாணக் கவர்னராக உயர்ந்தார். அவர் நல்லவரே; குடிகள் அவரைப் போற்றினர். ஆனால் அவர்போல் வந்தார்க்கெல்லாம் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம், அரசின் பக்கபலம் என நான்கும் இருந்தன. மிஷன் ஊழியத்துக்குப் புறப்பட்ட சிறுவர்க்கு அவற்றுள் ஊதியம் அற்பமே. தாய்நாடு மீளுதலும் உறுதியன்று. வெப்புநோயும் பேதியும் அவர்களிற் பலரைச் சில ஆண்டுகளிலேயே கொண்டுசென்றன. இவ்வேறுபாட்டை அறிந்தே போப் என்னும் அவ்விளைஞர் புறப்பட்டார் எனல் வேண்டும்.

கப்பலேறியது 1839-ஆம் ஆண்டு. அப்போது வயது 19. சூயசுக் கால்வாய் 1869-இலேதான் திறக்கப்பட்டது. ஆதலின் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனையைச் சுற்றி, காற்றின் தயவில், மாதக்கணக்கிற் கடலிற் கிடக்க வேண்டும். இந்நாளில் வானூர்தியில் ஒரு பகலும் ஓர் இரவும் போதாவோ! அவரோ புறப்படுவதற்கு முன்னரே தமிழ் கற்கத் தொடங்கினார். கடலிலும் அப்பயிற்சியை விட்டாரல்லர். சென்னை வந்தபின், மகாவித்துவான் இராமாநுச கவிராயர்பாற் பாடம் கேட்டார் என்பது தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் செய்தி. கவிராயர் அக்காலத்து இலக்கணக் கடல். திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலமாக்கிய துரு ஐயரும், பேரகராதி தொகுத்த வின்சுலோ ஐயரும் அவர்பால் உதவி பெற்றவரே. இத்தகைய ஆசிரியரிடம் இலக்கணம் கேட்பதென்பது எளிதன்று. நன்னூலை முறையாகப் பாடங் கேட்டார்க்கு அதன் அருமை விளங்கும்.

சில ஆண்டுகளுள் அவர் வெசுலியன் சபையினின்றும் நீங்கி ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தார். 1838-இல் வந்த கால்டுவெல் ஐயரும் அவ்வாறே ஒரு சபையின் சார்பில் வந்து மற்றொரு சபையிற் சேர்ந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. கால்டுவெல் இடையன்குடியில் அமர்ந்தார். போப்பையர் தூத்துக்குடியை அடுத்த சாயர்புரத்தில் அமர்ந்தார். பனையும் தேரியுமாகிய அம்மண்ணில், அவர் நாட்டுப் பிள்ளைகளுக்கென ஓர் உயர்தரக் கலாசாலை கண்டார். ஆங்குக் கற்பித்தவை எவை எனின், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், கணிதம், தத்துவம் என்பன. பனைத்தொழிலாளர் பிள்ளைகட்கு எபிரேயம் எதற்கு என்று நகைத்தாரும் இருந்திருத்தல் கூடும். எம் கருத்து வேறு. ஒரு பிள்ளைக்கு இன்ன அளவே கல்வி தகும் என்று முன்கூட்டியே அளந்து வைப்பது ஆசிரியர் செய்யத்தகாத தொன்று. போப்பையர் அதனைச் செய்யவில்லை. இன்று சாயர்புரத்தில் அவர் பெயராலேயே ஒரு கல்லூரி நடைபெறுகின்றது.

சாயர்புர வாழ்வு இன்பமாகவே சென்றதன்று. 1841-இல் அவர் மேரி கார்வர் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் 1845-இல் தூத்துக்குடியிற் காலமானார். கணவர்க்கு அப்போது 25 வயது. அழைப்பென்று சொல்லி வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளையைப் பெற்றோர் தடுப்பது, பெரும்பாலும் இத்தகைய துயரங்களை எண்ணியே. அவர் அஞ்சியது வீணன்று. போப்பையர் அதன்பின்னும் நான்கு ஆண்டு பணியில் நின்றார். 1849-இல் சென்னையில் என்ரியெட்டா என்னும் மாதரை மணந்து, இங்கிலாந்து மீண்டார். 1851-இல் மறுபடியும் கப்பலேறித் தஞ்சை வந்தடைந்தார். முதற் பயணம் சிறுவனின் ஆர்வத்தாற் செய்தது எனலாம். நாட்டின் வெம்மையையும் மனைவியின் கல்லறையையும் கண்ட பின்னரும் மீண்டு வந்தாரே, அவ்விரண்டாம் பயணத்தையே யாம் பெரிதாகக் கருதுகின்றோம்.

இனி, தஞ்சையில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். சாதியின் பெயராற் கூடியுள்ள ஒரு சங்கத்தின் ஏட்டில் இதனை விடுத்து எழுதுதல் எளிது. ஆயினும் விடுத்தெழுதின் அது வரலாறாகாது. சுவார்ட்சு ஐயர் காலந்தொட்டுத் தஞ்சைக் கிறித்தவருள் உயர்ந்தோர் எனப்பட்டார் கோயிலில் ஒருபுறமும், தாழ்ந்தோர் எனப்பட்டார் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்துக் கிண்ணத்தை முன்னவர் பருகிய பின்னரே பின்னவர் பருகினர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் இவ்வழக்கம் அறவே ஒழிதல் வேண்டும் என ஆணையிட்டார். பெருங்கலகம் மூண்டது. பலர் சபையை விட்டுத் தரங்கம்பாடி லுத்தரன் சபையிற் போய்ச் சேர்ந்தனர். சுவார்ட்சு ஐயரின் வளர்ப்பு மாணாக்கரும், பெத்லகேம் குறவஞ்சி பாடியவருமாகிய வேதநாயகம் சாத்திரியார் பழைய வழக்கத்தின் பக்கமே நின்று வாதாடினார். அவர் பெரும்புலவர், இறையன்பில் ஒருவருக்கும் குறைந்தவரல்லர்.

இப்பிணக்கு ஆறாதிருந்த காலத்திலேதான் போப்பையர் தஞ்சைக்கு வந்தார். அவர் சாதி வேற்றுமையைச் சிறிதும் விட்டுக்கொடாதவர். சபையை விட்டுப் போனாரைச் சேர்த்துக்கொண்ட தரங்கம்பாடிக் குருமாரைக் கண்டித்து 1853-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒரு கடவுளை வணங்கும் கோயிலில் இரண்டு இருக்கை வரிசை தகாது என்பதில் நியாயம் அவர் பக்கமே இருந்தது. இதனைச் சொல்ல யாம் தயங்கவில்லை. நம் முன்னோரும் கோயில் வாயிலிலும் கிணற்றடியிலும் யார் யாரை எத்தனை அடி தள்ளி நிறுத்தினர் என்பதை அறியாதார் நம்முள் இல்லை. ஆனால் நியாயத்தை அவர் நிலைநாட்ட முயன்ற முறை வேறு. இயல்பிலேயே கடுமை மிக்கவர். பிரம்புக்கு அஞ்சாத மாணாக்கர் அவர் பள்ளியில் இல்லை என்பது அவர் பணிசெய்த இடங்களிலெல்லாம் வழங்கிய பேச்சு. முன்னர்ச் சுவார்ட்சு ஐயர் பொறுமையால் ஈர்த்த ஊரில், போப்பையர் ஆணையால் திருத்த முற்பட்டார். மனம் ஒப்பாதவரை வரிசை மாற்றி அமர்த்தலாம். உள்ளத்தை மாற்ற இயலுமோ? தஞ்சையில் அவர் பெற்ற வெற்றி சிறிது. பெற்ற மனக்கசப்போ பெரிது.

அந்நாட்களிலும் நூற்பணி நின்றதில்லை. ஆங்கிலேயர் தமிழ் கற்றற்கான கைந்நூலை 1855-இல் வெளியிட்டார். அது பல பதிப்புக் கண்டு, ஆங்கில உத்தியோகத்தர் மூன்று தலைமுறைக்கு வழிகாட்டிற்று. நம் சிறார்க்கு வினாவிடையாக இலக்கண நூல்களும் எழுதினார். அயல்நாட்டார் ஒருவர் நம் பிள்ளைகட்கு எழுத்தும் சொல்லும் கற்பித்தார் என்பது, தமிழாசிரியராகிய எம்போல்வார்க்குப் பெருமையும் சிறிது நாணமும் ஒருங்கே தருவது.

தஞ்சையை விட்டபின் நீலகிரியில் உதகமண்டலத்தில் ஒரு பள்ளி நிறுவிப் பத்தாண்டிற்கு மேல் நடத்தினார். 1871 முதல் பெங்களூரில் பிசப்பு காட்டன் பள்ளியின் தலைமை ஏற்றார். இவ்விரண்டும் பெரும்பாலும் ஐரோப்பியச் சிறுவர்க்கானவை. ஊழியத்துக்கென வந்தவர் வெள்ளையர் பிள்ளைகட்குப் பள்ளியாசிரியராய் இருபதாண்டு கழித்தாரே, அழைப்பு என்னாயிற்று என்று எவரேனும் வினவலாம். விடை கூறுதல் எளிதன்று. சாயர்புரத்தில் அவர் கண்ட கனவு ஈடேறவில்லை, தஞ்சையில் மனம் நொந்தார், பெருகிய குடும்பத்தைப் பேண வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்லலாம். 14 வயதில் கொண்ட துணிபு ஒரே நேர்கோடாய் ஓடும் என எண்ணுவார் உலகியல் அறியார். ஆறு மேட்டைக் கண்டவிடத்து வளைந்தே செல்லும். வளைந்தமையால் அது வேறு ஆறாகிவிடாது.

1882-இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். வயது 62. நம் நாட்டில் அவ்வயதினர் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவர். போப்பையரின் பெரும்பணியோ அதன் பின்னரே தொடங்கிற்று. 1884-இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக அமர்த்தியது. 1886-இல் திருக்குறள் 1330 பாவையும் ஆங்கிலச் செய்யுளாக்கி வெளியிட்டார். அதற்கு முன் வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் ஆக்கினார்; எல்லிசு துரையும் துரு ஐயரும் சில பகுதிகளை ஆங்கிலமாக்கினர். முப்பாலையும் முழுதாக ஆங்கிலப் பாட்டில் வடித்தவர் இவரே முதல்வர். வள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்ந்தமையால் அருகிருந்த சாந்தோம் கிறித்தவரின் போதனையைக் கேட்டிருத்தல் கூடும் என்று அந்நூன் முகவுரையில் அவர் கருதினார். இதனைத் தமிழறிஞர் ஏற்றிலர், யாமும் ஏற்கின்றிலேம். சான்று சிறிதும் இல்லை. தாம் போற்றும் நூலில் தம் சமயத்தின் மணத்தைக் காண விழைதல் எல்லாச் சமயத்தாரிடத்தும் காணப்படும் குறையே; வள்ளுவரைத் தம்மவர் என உரிமை பாராட்டாத சமயம் நம் நாட்டிலும் எதுவுளது?

1893-இல் நாலடியார் நானூறும் வெளிவந்தது. புறநானூற்றிலும் புறப்பொருள் வெண்பாமாலையிலும் பல செய்யுட்களை ஆங்கிலமாக்கி இதழ்களில் வெளியிட்டார். நம் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும், அவன் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததையும் பாடும் நூல் அப்புறநானூறே. அதனை உ. வே. சாமிநாதையர் 1894-இல் ஏட்டினின்றும் அச்சேற்றினார். சில ஆண்டுகளுள் எங்கோ ஆக்சுபோர்டில் ஒரு முதியவர் அதனைக் கையில் வைத்துக் கற்று ஆங்கிலமாக்கினார் எனின், தகடூர் நாட்டினராகிய நாம் மகிழாதிருத்தல் எங்ஙனம்?

எல்லாவற்றினும் அரியது திருவாசகம். ஆக்சுபோர்டில் பேலியல் கல்லூரித் தலைவராகிய ஜோவெட்டு என்னும் பேரறிஞர் அவர்க்கு நண்பர். ஒருநாள் இருவரும் உலாவும்போது, திருவாசகத்தை மொழிபெயர்த்தல் பற்றிய பேச்சு எழ, அத்துணைப் பெரிய வேலையை முடிக்கத் தமக்கு ஆயுள் போதாதெனப் போப்பையர் தளர்ந்தாராம். அதற்கு ஜோவெட்டு, கையில் ஒரு பெருஞ்செயல் முடியாது நிற்பதே நெடிது வாழ்தற்கு வழி என்றும், அதனை முடிக்கும்வரை அவர் வாழ்வார் என்றும் ஊக்கினார். ஜோவெட்டு 1893-இல் மறைந்தார். திருவாசகத்தின் 51 பகுதிகளும் ஆங்கிலமாகி 1900-இல் வெளிவந்தன. அதன் முகவுரையில் போப்பையர் இட்ட நாள் அவ்வாண்டு ஏப்ரல் 24. அவர்க்கு 80 வயது நிறைந்த நாள்.

சைவரைக் கிறித்தவராக்கும் விருப்பொடு கடல் கடந்த இளைஞர், கிறித்தவர்க்குச் சைவத்தின் உயிர்நூலை எடுத்துக் காட்டும் முதியவராக முடிந்தார். தம் சமயத்தை அவர் விட்டாரா எனின், இல்லை. இறுதிவரை திருச்சபைக் குருவாகவே இருந்தார். 1888 முதல் பேலியல் கல்லூரியில் வழிபாடு நடத்தினார். மாணிக்கவாசகரிடம் தாம் ஏற்கவியலாத கொள்கை இவை என அந்நூலிலேயே ஒளியாது எழுதினார். ஏற்காததை ஏற்காது என்று கூறிவிட்டு, அதன்பின்னும் அந்நூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தமையே அவரிடத்து யாம் பெரிதும் மதிப்பது. ஏற்பதை மட்டுமே படித்துப் பாராட்டுதல் எவர்க்கும் எளிது.

1906-இல் அரச ஆசியக் கழகம் அவர்க்குப் பொற்பதக்கம் அளித்தது. 1908 பிப்ரவரியில் ஆக்சுபோர்டிற் காலமானார். மக்களுள் மூவர் இந்திய ஆட்சியிலும் அதனைச் சார்ந்த பணிகளிலும் அமர்ந்தனர். ஒருவர் பர்மாவில் கல்வித்துறையிலும், ஒருவர் இருப்புப்பாதைத் துறையிலும், ஒருவர் சென்னையில் கண் மருத்துவப் பேராசிரியராகவும் விளங்கினர். 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, கடற்கரையில் அவர்க்குச் சிலை எழுப்பப்பட்டது. அதனைப் பலரும் கண்டிருப்பர்.

ஈண்டு ஒரு செய்தியைத் தெளிவாக்குதல் எம் கடமை. தம் கல்லறைமேல் தாம் ஒரு தமிழ் மாணவர் என்று பொறிக்குமாறு போப்பையர் வேண்டினார், அவ்வாறே பொறிக்கப்பட்டுளது என்று மேடைதோறும் பேசப்படுகின்றது; பாட நூல்களிலும் புகுந்துவிட்டது. கல்லறை ஆக்சுபோர்டில் புனித செபல்கர் இடுகாட்டில் இன்றும் உள்ளது. அத்தொடர் அதில் இல்லை. அதிலுள்ளது, தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவரைக் குறித்து, அவர் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தமையைச் சொல்லும் ஆங்கில வாசகம். அதனோடு, அக்கல்லை நாட்டினார் அவர் குடும்பத்தாரும் தென்னாட்டுத் தமிழ் நண்பருமே என்றும், கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் உழைத்தமையைப் போற்றி நாட்டினர் என்றும் வெட்டப்பட்டுள்ளது. பிளிமத்துத் துறையில் வளர்ந்த ஆங்கிலேயரை, ஆக்சுபோர்டில் மாண்டவரை, தென்னிந்தியர் என அக்கல் குறிக்கின்றது. அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1911-இல், மனைவியார் என்ரியெட்டாவும் அதே குழியில் அடக்கம் செய்யப்பெற்றார்.